பத்துக் குஞ்சில் எத்தனை பெட்டை?

இடம்பெயர்ந்த குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்று பேச்செடுத்ததும் முதலில் நினைவுக்கு வருவது கோழிக்குஞ்சு. தையல் மெஷின் அதற்கு அடுத்ததுதான். குடும்பத்துக்குப் பத்துக் குஞ்சு, ஒரு மூட்டைத் தீன், ஒரு கையெழுத்து, ஒரு புகைப்படம். அத்துடன் கூட்டம் முடிந்துவிடும். ஐந்து மாதம் சென்றபின் அந்தப் பத்தில் எத்தனை முட்டையிட்டன, எத்தனை கூவின என்று கேட்டு வருபவர் குறைவு.

மண்சரிவு ஊவாவுக்குப் புதிதன்று. 2014 அக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் புதைந்தன. தப்பியவர்களில் பலர் 2016இல் மக்கல்தெனியவில் வீடு கிடைக்கும்வரை தற்காலிக இடங்களிலேயே காலம் தள்ளினர். 2023 மார்ச் மாதம் பூனாகலை கபரகலையில் மறுபடியும் மலை இறங்கியது. 2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் எத்தனை வீடுகளை, மரக்கறித் தோட்டங்களை, மாட்டுப்பட்டிகளைக் கொண்டுபோனது என்பதை இதை வாசிக்கும் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. குஞ்சுப் பெட்டிகள் இன்னும் பலமுறை நம் மலையேறி வரும். ஆகவேதான் இப்பேச்சு.

எமது கருத்து இது: ஒருநாள் வயதான நாட்டுக்கோழிக் குஞ்சைப் பார்த்து ஆணா பெண்ணா என்று நம்மால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. முடியாத அந்தக் காரியத்தின் நட்டத்தை வீட்டையும் தோட்டத்தையும் இழந்தவர் தலையில் கட்டுவது நியாயமாகாது.

முடியும் என்று சொல்பவர்கள் நம்மிடையே நிறைய உண்டு. கூர்முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை என்பார்கள். ஊசியை நூலில் கட்டிக் குஞ்சின்மேல் தொங்கவிட்டு, வட்டமிட்டால் பெட்டை என்பார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கிப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். இவற்றில் பாதி எப்போதும் பலிக்கும். நாணயத்தைச் சுண்டினாலும் பாதி பலிக்கும். ஒரு கோழி ஏறக்குறைய ஒரே வடிவத்தில்தான் முட்டையிடுகிறது. ஆயினும் அதன் அடையில் சேவலும் பெட்டையும் கலந்தே பொரிப்பதை நாம் காண்கிறோமல்லவா? குஞ்சு ஆணா பெண்ணா என்பது முட்டை உருவாகும்போதே தாய்க்கோழியின் பக்கத்திலிருந்து முடிவாகிவிடுகிறது. (மனிதரில் அதைத் தீர்மானிப்பது தகப்பன். பெண்பிள்ளை பிறந்தால் பழி மட்டும் தாய்க்கு!)

உண்மையான வழிகள் மூன்று உண்டு. முதலாவது, குஞ்சின் எச்சத்துவாரத்தை மெல்லப் பிதுக்கி உள்ளிருக்கும் சிறு மொட்டைப் பார்ப்பது. 1920களில் ஜப்பானில் மசுயி, ஹஷிமோட்டோ ஆகிய அறிஞர்கள் இதை ஆராய்ந்து வகுத்தார்கள். பயின்ற கைகள் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் குஞ்சு வரையில் பிரித்துவிடும். அந்தப் பயிற்சிக்கு மாதக்கணக்கில் உழைக்க வேண்டும். நாம் வீட்டில் செய்து பார்த்தால் குஞ்சின் வயிறு சிதைந்து சாகும். தயவுசெய்து முயல வேண்டாம். இரண்டாவது, இறக்கை இறகு. பெட்டைக்கு நீண்ட இறகும் அதன்மேல் மூடும் இறகும் நீளத்தில் வேறுபடும், சேவலுக்கு இரண்டும் ஒத்திருக்கும் என்பார்கள். இது மெய்தான். ஆனால் அதற்கென்றே இணைசேர்த்து உருவாக்கிய இனங்களில் மட்டும், அதுவும் முதல் இரண்டு மூன்று நாட்களில் மட்டும். நம் லயத்து வாசலில் மேயும் கலப்புக் கோழிகளிடம் இக்கணக்குச் செல்லாது.

மூன்றாவது நிறம். இதைத்தான் நாம் நன்கு அறிந்திருக்க வேண்டும். ஷேவர் பிரவுன், ஹைலைன் பிரவுன் போன்ற பழுப்பு முட்டையிடும் இனங்களில் பெட்டைக் குஞ்சு செம்பழுப்பாகவும் சேவல் குஞ்சு வெளிர்மஞ்சளாகவும் பொரிக்கும். பொரிப்பகத்தில் பழுப்பை எடுத்துக்கொண்டு மஞ்சளைக் கழித்துவிடுகிறார்கள். கழித்த சேவல் குஞ்சு முட்டைப் பண்ணைக்கு உதவாது. இறைச்சிக்கும் மெதுவாகவே வளரும். உலகெங்கும் அவற்றைப் பொரித்த அன்றே கொன்றுவிடுவது வழக்கம். ஜெர்மனி 2022 ஜனவரி முதல் அதைச் சட்டத்தால் தடுத்துள்ளது. கொல்லப்படாதவை மலிவாகக் கைமாறும். "எல்லாம் லேயர்தான் அக்கா, எல்லாம் பெட்டைதான்" என்று எவராவது மலிவு விலையில் மஞ்சள் குஞ்சுகளைப் பழுப்பு லேயர் என நீட்டினால், வாங்குவதற்கு முன் இந்த நிறக்கணக்கை நினைத்துக்கொள்ளுங்கள். சாயம் பூசிய குஞ்சென்றால் கேட்கவே வேண்டாம்.

நாட்டுக்குஞ்சுக்கோ பொறுமைதான் வழி. நான்காம் வாரமளவில் பெட்டைக்கு வால் சற்று முந்தி வரும். சேவல் குஞ்சு மொட்டையாகத் திரியும். இதை மட்டும் நம்பி விற்றுவிடாதீர்கள். ஆறு முதல் எட்டு வாரத்தில் சேவலின் கொண்டையும் தாடியும் சிவந்து தடிக்கும், கால் பருக்கும், ஒன்றையொன்று நெஞ்சால் முட்டி நிற்கும். பெட்டையின் கொண்டை அப்போதும் சிறிதாய் மங்கலாகவே இருக்கும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் கழுத்திலும் இடுப்பிலும் கூரான மினுங்கும் இறகு தோன்றினால் அது சேவலேதான். பெட்டையின் இறகு நுனி உருண்டிருக்கும். கூவும்வரை காத்திருந்தால் தீன் செலவாகிவிடும்.

அந்தச் செலவைத்தான் உதவி வழங்குவோர் எண்ணுவதில்லை. லேயர் குஞ்சு ஒன்று முட்டைப் பருவத்தை எட்டுமுன் ஆறு ஏழு கிலோ தீன் தின்னும். நாட்டுக்குஞ்சு மேய்ந்து பிழைக்குமென்றாலும், ஏழு பேர்ச்சஸ் நிலத்தில் கட்டிய புதுவீட்டில் மேய எங்கே இடம்? பக்கத்து வீட்டுக் கீரைப்பாத்திதான். அங்கிருந்து சண்டை தொடங்கும்.

இன்னொரு கணக்கும் உண்டு. பிரிக்காத பத்துக் குஞ்சில் ஐந்து சேவல், ஐந்து பெட்டை என்று எல்லா வீட்டிலும் சமமாக விழுவதில்லை. ஏறக்குறைய ஆறு குடும்பத்தில் ஒரு குடும்பத்துக்கு ஏழோ அதற்கு மேலோ சேவலாகவே அமையும். ஐம்பது குடும்பமென்றால் எட்டு ஒன்பது வீடுகளில் இந்த நிலை. குளிராலும் நோயாலும் இரண்டொன்று செத்துவிட்டால் அவர்களிடம் மிஞ்சுவது ஒரு பெட்டை. அறிக்கையில் அந்த வீட்டுக்கும் பத்துக் குஞ்சு என்றே இருக்கும். பிறகு அவர்களைப் பார்த்து "இவர்களுக்குக் கோழி வளர்க்கத் தெரியாது" என்றும் சொல்வார்கள்.

சேவல் வீணா என்று கேட்கலாம். வீணன்று. தீபாவளிக்கும் நத்தாருக்கும் கோயில் நேர்த்திக்கும் நாட்டுச்சேவலுக்கு நல்ல விலை உண்டு. ஆனால் இங்கு பேச்சு பிள்ளையின் முட்டையைப் பற்றியது. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவையின்படி நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் ஏறக்குறைய ஆறில் ஒருவர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர். தோட்டப்புறத்தில் மூன்றில் ஒருவர். அந்தப் பிள்ளைக்கு வாரம் மூன்று முட்டை கிடைக்கும் என்று சொல்லித்தானே குஞ்சைக் கொடுக்கிறார்கள்?

ஆகவே அரச அலுவலகமாயினும், திருச்சபை அமைப்பாயினும், வெளிநாட்டுத் தொண்டு நிறுவனமாயினும் குஞ்சை எண்ணாமல் பெட்டையை எண்ணட்டும். பத்து ஒருநாள் குஞ்சுக்குப் பதிலாக எட்டு வாரம் கடந்த நான்கு பெட்டை தரலாம். விலை கூடும் என்பார்கள். பதுளைக் குளிரில் முதல் மாதம் பல்பு வெளிச்சத்தில் குஞ்சைக் காப்பாற்றும் சிரமமும், அதில் சாகும் குஞ்சின் விலையும் யார் கணக்கில் வருகின்றன? ஊரிலேயே இரண்டு மூன்று பெண்களுக்குப் பயிற்சியும் கூலியும் கொடுத்து எட்டு வாரம் வளர்த்துப் பிரிக்கச் செய்தால் பணமும் ஊரிலேயே தங்கும். பழுப்பு லேயர்தான் தருவதென்றால் பொரிப்பகத்தில் பிரித்ததையே தரட்டும். ஆனால் அது நல்ல தீன் இல்லாமல் முட்டையிடாது, அடைகாப்பதும் அரிது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஆண்டுக்கு எழுபது எண்பது முட்டையே இட்டாலும் நாட்டுப்பெட்டை தானே அடுத்த குஞ்சைத் தந்துவிடும். எம்மைக் கேட்டால் தீன் வாங்க வழியில்லாத வீட்டுக்கு அதுவே ஏற்றது.

இவை நடக்கும்வரை நாம் சும்மா இருக்க வேண்டியதில்லை. ஒரே நாளில் குஞ்சு வாங்கிய குடும்பங்கள் எட்டாம் வாரத்தில் ஒரு காலைவேளை கூடிப் பார்க்கலாம். பெட்டை மிகுந்த வீட்டுக்கும் சேவல் மிகுந்த வீட்டுக்கும் இடையே மாற்றிக்கொள்ளலாம். சேவல் எடை கூடுமென்பதால் ஒன்றுக்கு ஒன்று என்பதைப் பேசித் தீர்க்க வேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் போதுமாகையால் இரண்டு மூன்று வீட்டுக்குப் பொதுவாக ஒன்றை நிறுத்திவிட்டு, மீதியைப் பண்டிகைக்கு முன் சேர்த்து விற்றால் வியாபாரியிடம் விலை பேச வாயும் இருக்கும். நோய் கண்ட கோழி உள்ள வீட்டார் மட்டும் அன்றைக்குத் தங்கள் கோழிகளைக் கொண்டுவராதிருக்கட்டும்.