உடுப்பு வெயிலுக்கல்ல, தண்ணீருக்கு

ஆரணியிலிருந்து வெளிநாடு போன பிள்ளைகள் கயாக் படகில் உட்கார்ந்து படம் எடுத்து அனுப்புகிறார்கள். பின்னால் பெரிய ஏரி, கையில் துடுப்பு, மேலே அரைக்கை டி-சர்ட். "வெயில் சுள்ளுன்னு அடிக்குது, இதுக்கு மேல எதுக்கு?" என்று கேட்கிறார்கள். கயாக் ஏறும் பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இந்த நினைப்பு உயிரை வாங்கிவிடும் என்பதால்தான் எழுதுகிறேன்.

வெயில் காற்றைச் சூடாக்கும் வேகத்தில் ஏரியைச் சூடாக்குவதில்லை. மே மாதம் ஒன்டாரியோ ஏரிக்கரையில் வெப்பம் 20 டிகிரியைத் தாண்டும் நாளிலும் தண்ணீர் 10 டிகிரிக்குக் கீழே இருக்கக்கூடும். ரிஷிகேஷிலும் இதே கதைதான். கரையில் மே மாத வெயில் கொளுத்தும். கங்கையில் ஓடுவதோ இமயத்துப் பனி உருகிய நீர். தண்ணீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு வேகமாக உடற்சூட்டை உறிஞ்சும். படகு கவிழ்ந்த பிறகு கரையில் அடிக்கும் வெயிலால் ஒரு பயனும் இல்லை.

"எனக்கு நீச்சல் தெரியும்" என்பது அடுத்த வாதம். கமண்டல நாகநதியில் வெள்ளம் வந்த நாட்களில் குதித்து வளர்ந்தவர்கள் சொல்வது அது. மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு சொல்கிறார். உறைகுளிர் நீரில் விழுந்ததும் மூச்சு தானாக வாரி இழுக்கும். அதை அடக்க 1 நிமிடம். கைகால் சொன்னபடி கேட்பது 10 நிமிடம். குளிரில் நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம். முதல் நிமிடத்தில் தலை நீருக்குள் இருந்தால் அந்த ஒரு மூச்சிலேயே நுரையீரலுக்குள் தண்ணீர் போய்விடும். பத்து நிமிடம் கழிந்தால், அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் முடிச்சுப் போடும் நெசவாளியின் விரலுக்குக்கூட ஒரு வாரை மாட்ட வராது. உயிர்காப்புச் சட்டை கட்டாயம் வேண்டும். ஆனால் அது மிதக்க வைக்கும், சூட்டைக் காக்காது. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது அந்தச் சட்டையோடு மிதந்தபடியே இறந்தவர்கள் ஏராளம்.

மூன்றாவது வாதம் நம் ஆரணிப் பட்டின் பெருமையைத் தொடுவது: "உள்ளே பட்டுப் பனியன் போட்டிருக்கேன், பட்டு கதகதப்பு." பட்டு கதகதப்புதான், மறுக்கவில்லை. தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வாங்கினாலும் தொட்டால் நனைந்ததாகத் தெரியாது. ஆனால் அந்தக் கதகதப்பு இழைக்குச் சொந்தமானதல்ல. இழைகளுக்கு நடுவே நிற்கும் காற்று தருவது. தண்ணீரில் முக்கினால் காற்று போய் அந்த இடத்தில் நீர் நிற்கும். சாயத்தொட்டியிலிருந்து பட்டு நூலை எடுத்தவர்களுக்கு, அது எப்படித் தண்ணீரைக் குடித்துக் கனத்துத் தொங்கும் என்று சொல்லத் தேவையில்லை. பருத்தியைப் பற்றிப் பேசவே வேண்டாம். நியோப்ரீன் ரப்பரில் செய்த வெட்சூட்டில் நுண்ணிய வாயுக்குமிழிகள் அடைபட்டிருக்கின்றன. நனைந்தாலும் அவை வெளியேறா. இன்னும் குளிர்ந்த நீருக்கு, கழுத்திலும் மணிக்கட்டிலும் இறுக்கி அடைத்த டிரைசூட் உண்டு. அதற்குள் பட்டையோ கம்பளியையோ போடுங்கள். நனையாத வரை நம் பட்டு அங்கே அருமையாக வேலை செய்யும்.

"டிரைசூட் கிழிந்து தண்ணீர் புகுந்தால் கல் மாதிரி இழுத்துவிடும்" என்றும் பயமுறுத்துகிறார்கள். கிணற்றில் குடம் முங்கியிருக்கும்போது கனக்கிறதா? நீருக்கு மேலே தூக்கும்போதுதான் கனக்கும். உடுப்புக்குள் புகுந்த நீரும் அப்படியே. படகில் திரும்ப ஏறுவது கடினமாகும், சூடும் குறையும். ஆனால் அது ஆளை அடிக்கு இழுக்காது.

சென்னை அருகே முட்டுக்காட்டில் படகு ஓட்ட வெட்சூட் வேண்டுமா? வேண்டாம். அங்கே நீர் வெதுவெதுப்பு, வெயில்தான் தொல்லை. எங்கும் ஒரே உடுப்பு என்று நான் சொல்லவில்லை, அந்தந்தத் தண்ணீரைக் கேட்டு உடுத்தச் சொல்கிறேன். குளிர்நீருக்கு உடுத்தியதில் வெயிலில் வேர்த்தால் கையால் நீரை அள்ளித் தலையில் விட்டுக்கொள்ளலாம்.

படகில் ஏறுமுன் போட்டிருக்கும் உடுப்போடு, துணைக்கு ஒருவரை நிறுத்தி, கரையோரம் கழுத்தளவு நீரில் ஐந்து நிமிடம் நின்று பாருங்கள். மூச்சு சீராக வராவிட்டால் கரையேறி உடுப்பை மாற்றுங்கள்.