பழைய மார்ஷலுக்குப் புதிய மார்ஷல் ஈடாகுமா?

கிட்டார் வாசிப்பவர்கள் நாலு பேர் கூடினால் இந்த வழக்கு தவறாமல் வரும். மார்ஷல் நிறுவனம் இப்போது விற்கும் ஆம்ப்கள் அதன் பழைய ஆம்ப்களுக்கு ஈடாகுமா? "பழசு பழசுதான்" என்று ஒருவர் முடித்துவிடுவார், மற்றவர்கள் தலையாட்டுவார்கள். சாஆ போன்ற சிற்றூரில் பிள்ளைக்கு முதல் ஆம்ப் வாங்கித் தரப் பணம் சேர்க்கும் குடும்பத்துக்கு இது வெறும் ரசனைப் பேச்சல்ல. நல்ல புதிய ஆம்பை ஒதுக்கிவிட்டு, யாரோ கழித்துக்கட்டிய பழையதை அதிக விலைக்கு வாங்க வைத்துவிடும்.

பழையது என்று எதைச் சொல்கிறோம்? லண்டனின் ஹான்வெல் பகுதியில் டிரம் கடை வைத்திருந்தவர் ஜிம் மார்ஷல். 1962-இல் அங்கே உருவான முதல் ஆம்ப், அமெரிக்க ஃபெண்டர் பாஸ்மேனின் மின்சுற்றைப் பார்த்துச் செய்தது. மூலமே ஒரு நகல்! பிரிட்டனில் கிடைத்த ஒலிபெருக்கியையும் உதிரிப் பாகங்களையும் போட்டதால் ஒலி வேறாகிவிட்டது. அந்த வேற்றுமைதான் பிறகு புகழாயிற்று. இன்று பலர் போற்றும் ஜேசிஎம் 800 வந்தது 1981-இல். ஜொகூர் பாருவில் 'சர்ச்' ராக் குழு தொடங்கியதும் அதே ஆண்டுதான். அன்றைக்கு அதுவும் ஒரு புது மாடல்.

அந்தப் பழைய ஒலி எப்படிப் பிறக்கிறது என்று தெரிந்தால் பாதி வழக்கு தீர்ந்துவிடும். வால்வு தாங்கும் அளவுக்கு மேல் சமிக்ஞை போனால் அலையின் உச்சி மழுங்குகிறது. மழுங்கிய அலையில் மூல சுரத்தோடு புதிய மேற்சுரங்களும் சேர்கின்றன. வானொலியில் இது கோளாறு, கிட்டாரில் இதுதான் சுவை. 1960-களின் 100 வாட் மார்ஷலில் இந்த மழுக்கம் முழுமையாக வர, ஒலியளவை ஏறக்குறைய கடைசிவரை திருப்ப வேண்டும். அப்போதுதான் வெளியீட்டு வால்வுகள், மின்மாற்றி, ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு எல்லாம் சேர்ந்து திணறும். மக்கள் நினைவில் வைத்திருப்பது அந்தத் திணறலைத்தான்.

ஒரு தாமான் வீட்டு அறையில் அந்த ஒலிக்கு இடமே கிடையாது. 100 வாட்டை 20 வாட்டாகக் குறைத்தாலும் 7 டெசிபெல்தான் குறையும். பாதி சத்தமாகக் காதுக்குத் தோன்றவே ஏறக்குறைய 10 டெசிபெல் குறைய வேண்டும். அதே பழைய சுற்றைச் சிறிய உருவில் தர மார்ஷல் 2019-இல் கொண்டுவந்த எஸ்வி 20-ஐ 5 வாட்டுக்கும் இறக்கலாம். கிட்டார் ஒலிபெருக்கி ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தூரத்தில் சுமார் 97 டெசிபெல் தரும் என்று வைத்தால், 5 வாட்டுக்கு 104. வேலையிடங்களுக்கான மலேசிய விதியின் எல்லை எட்டு மணி நேரத்துக்கு 85 டெசிபெல். ஒவ்வொரு 3 டெசிபெல் ஏறும்போதும் அனுமதி நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 104-இல் கிடைப்பது ஆறு நிமிடம். பக்கத்து வீட்டுக்காரர் தரும் அனுமதி அதைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஆகவே வீட்டில் வாசிக்கும் அளவில் பழைய 100 வாட் ஆம்ப் தன் புகழுக்குரிய ஒலியைத் தருவதே இல்லை. வால்வின் திணறலைக் கணக்கிட்டுப் போலி செய்யும் டிஜிட்டல் ஆம்ப் அதே அளவில் அதைவிட நெருங்கி வரும் என்பது என் கருத்து. ஒப்பிட்டுப் பார்க்க விரும்பினால் முதலில் இரண்டின் சத்தத்தையும் சமமாக்குங்கள், பிறகு துணியால் மூடுங்கள். சத்தம் குறையும்போது காதுக்குத் தாழ்சுரங்கள் மங்கிப்போகும் என்று ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இலேயே அளந்து காட்டிவிட்டார்கள். சற்றே உரக்கக் கேட்பது எப்போதும் 'உயிருள்ளதாக'த் தோன்றும். பெயர்ப்பலகையைப் பார்த்துக்கொண்டே கேட்பது சோதனையாகாது.

இன்னொன்றையும் மறக்கிறோம். அன்றைய மின்தடைகளில் பத்து விழுக்காடு ஏற்றத்தாழ்வு சாதாரணம். ஒரே மாதத்தில் வெளிவந்த இரண்டு ஆம்ப்களே ஒன்றுபோல் ஒலித்திருக்காது. ஐம்பது ஆண்டில் மின்தேக்கிகள் வேறு காய்ந்துபோகின்றன. எந்தப் பழையதற்கு ஈடு கேட்கிறோம்?

புதியவை உண்மையில் தோற்பது பழுதுபார்ப்பில்தான். பழைய ஆம்பைத் திறந்தால் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும். வால்வு வானொலி பழுதுபார்த்துப் பழகியவர் கருகியதை எடுத்துவிட்டு வேறொன்றைப் பற்றவைத்துவிடுவார். (நீங்கள் முயல வேண்டாம். உள்ளே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், மின்செருகியைப் பிடுங்கிய பிறகும் கொஞ்ச நேரம் தங்கும்.) மலிவான புதிய ஆம்பில் அரிசியளவு பாகங்கள் ஒரே பலகையில் நெருங்கிக் கிடக்கின்றன. சில்லு செத்தால் பலகையே போச்சு. மின்னலும் ஈரக்காற்றும் குறையாத ஜொகூரில் இது சின்னக் குறையல்ல. சுற்று வரைபடத்தை வெளியிடவும் உதிரிப் பலகைகளைப் பத்தாண்டாவது இருப்பில் வைக்கவும் நிறுவனங்களை நாம் கேட்க வேண்டும்.

வால்வு ஆம்ப்காரர்களும் நிம்மதியாக இல்லை. வால்வு தேய்ந்துபோகும் பொருள். இன்று ரஷ்யா, ஸ்லோவாக்கியா, சீனா ஆகிய நாடுகளின் சில ஆலைகளே அதைப் பேரளவில் செய்கின்றன. 2022-இல் ரஷ்ய ஏற்றுமதி தடைபட்டவுடன் விலை ஏறியது.

சாஆவிலிருந்து ஜொகூர் பாருவுக்குப் போய் ஆம்ப் வாங்குபவர் கடையில் ஒலியைக் கேட்டுப் பார்க்கட்டும். கூடவே இதையும் கேட்கட்டும்: பழுதானால் எங்கே அனுப்புவீர்கள், எத்தனை நாளாகும், பலகை தனியாகக் கிடைக்குமா, என்ன விலை?