மற்ற ஆறு நாளைப் பற்றிப் பேசுங்கள்

கடந்த மாதம் நாங்கள் வேலை செய்யும் காலனி ஒன்றில் மருத்துவ முகாம் நடந்தது. ஆன்டிபயாடிக் மருந்துகள் ஏன் வேலை செய்யாமல் போகின்றன என்று பேசினார்கள். அவசியமான பேச்சு. காய்ச்சலுக்கு மருந்துக்கடையில் நாலு மாத்திரை வாங்கி, ரெண்டைப் போட்டுவிட்டு மீதியை அடுக்குப்பானைக்குள் வைக்கும் பழக்கம் எங்கள் மக்களிடம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை.

முடிக்கும்போது ஓர் அறிவுரை வந்தது: "முதலில் மாட்டுக்கறியை நிறுத்துங்கள். அமெரிக்காவிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்."

முன்னால் உட்கார்ந்திருந்த அக்கா ஒருவர் எழுந்தார். "கறி வாரத்துல ஒரு நாள் சார். மத்த ஆறு நாளும் ரேசன் அரிசிதான். அந்த ஆறு நாளப் பத்தி ஒண்ணும் சொல்லலியே?"

பதில் வரவில்லை. அந்தக் கேள்வியைத்தான் இங்கே தொடர்கிறோம்.

ஆய்வு உண்மையானது. 2022இல் அமெரிக்க வேளாண் துறை விஞ்ஞானிகள் 290 பேரின் உணவையும் குடல் பாக்டீரியாக்களையும் ஒப்பிட்டார்கள். கரையும் நார்ச்சத்து அதிகம் சாப்பிட்டவர்களின் குடலில், மருந்தை எதிர்க்கும் மரபணுக்கள் குறைவாக இருந்தன. மாடு, பன்றி இறைச்சியை அதிகம் உண்டவர்களிடம் அவை கூடுதலாக இருந்தன. பலவகை உணவு உண்பதும் முக்கியம் என்று அதே ஆய்வு சொன்னது. இவை அமெரிக்கர்களின் தட்டில் கண்ட தொடர்புகள். கறிதான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. முகாமில் பேசியவர் நார்ச்சத்தை விட்டுவிட்டார், பலவகை உணவை விட்டுவிட்டார், மாட்டை மட்டும் பிடித்துக்கொண்டார். ஏன் என்று எங்களுக்குத் தெரியும்.

நார்ச்சத்தைத் தின்று வாழும் நல்ல பாக்டீரியாக்கள் குடலில் உண்டு. அவை பெருகினால் ஈ.கோலை போன்றவற்றுக்கு இடம் குறையும். எதிர்ப்பு மரபணுக்களைச் சுமந்து ஒன்றுக்கொன்று கைமாற்றிக்கொள்வதில் ஈ.கோலை வகையறாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆகவே பயறு, கீரை, சிறுதானியம், பழம் வேண்டும். சரி, அவை எங்கே கிடைக்கின்றன? தமிழ்நாட்டு ரேசன் கடையில் ஒரு அட்டைக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு. ஐந்து பேர் உள்ள வீட்டில் அது எத்தனை நாள் வரும்? கேழ்வரகு 2023இல் நீலகிரியிலும் தருமபுரியிலும் இரண்டு கிலோ என்று தொடங்கியது. மற்றபடி தீட்டிய வெள்ளை அரிசி. நார்ச்சத்தைத் தீட்டி எடுத்துவிட்டு எங்களுக்கு நார்ச்சத்துப் பாடம் நடத்துகிறார்கள்.

அடுத்து, மாடு மட்டும்தானா குற்றவாளி? வேறு மருந்துகள் கைவிட்ட பிறகு கடைசியாகக் கொடுக்கப்படும் கொலிஸ்டினை, கோழி சீக்கிரம் கொழுக்கத் தீவனத்தில் கலந்தார்கள். 2019இல்தான் ஒன்றிய அரசு அதைத் தடை செய்தது. மடிநோய்க்காகக் கறவை மாடுகளுக்கும் ஆன்டிபயாடிக் போடப்படுகிறது. 2018இல் நாடு முழுக்க நடந்த பால் ஆய்வில் சில மாதிரிகளில் வரம்புக்கு மேல் அதன் எச்சம் இருந்தது. 'சுத்தமான' பாலை நிறுத்தச் சொல்லி யாராவது முகாம் நடத்தினார்களா?

தண்ணீருக்கு வருவோம். 2011இல் வெளியான ஆய்வு ஒன்றில், டெல்லித் தெருக்களில் தேங்கிய, ஓடிய கழிவுநீரின் 171 மாதிரிகளில் 51இல் என்.டி.எம்-1 மரபணு இருந்தது. குழாய்த் தண்ணீரின் 50 மாதிரிகளில் 2இல் இருந்தது. வலுவான மருந்துகளையும் செயலிழக்கச் செய்யும் மரபணு அது. அப்படிப்பட்ட கழிவுநீரில் இறங்குபவர்கள் யார்? கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம் வந்த பிறகும் சாக்கடைக்குள் இறக்கப்படுபவர்கள் எந்தச் சாதி? ஊரின் கழிவைச் சுமக்கும் உடம்புக்கு நோய் வந்தால், அதற்கும் அவன் தின்ற கறிதான் காரணமாம்!

மாட்டுக்கறிக்கும் தீண்டாமைக்கும் உள்ள உறவை அண்ணல் அம்பேத்கர் 1948லேயே எழுதிவிட்டார். அன்று தீட்டு என்றார்கள், இன்று பாக்டீரியா என்கிறார்கள். விஞ்ஞானத்தை நாங்கள் எதிர்க்கவில்லை. அதற்குச் சாதிச் சட்டை மாட்டுவதை எதிர்க்கிறோம்.

நாங்கள் கேட்பது இவைதான்: ரேசனில் பருப்பை இரட்டிப்பாக்கு. பயறும் சிறுதானியமும் எல்லா மாவட்டத்துக்கும் கொடு. காலனிக்குப் பாதுகாப்பான குடிநீர் கொடு. சாக்கடைக்குள் மனிதனை இறக்காதே. சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் விற்பதைத் தடுத்துவிட்டு, நாங்கள் மருத்துவரைப் பார்க்க இரவிலும் ஆரம்ப சுகாதார நிலையத்தைத் திறந்து வை.

தோழர்களே, மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை அவர் சொன்ன நாள்வரை போடுங்கள். மீதி மாத்திரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுக்காதீர்கள். கிடைக்கும்போது கீரையும் பயறும் சேருங்கள். ஞாயிற்றுக்கிழமை கறிக்காக யாரிடமும் தலைகுனிய வேண்டாம். அடுத்த முகாமில் யாராவது அதைப் பேசினால், அந்த அக்காவைப் போல எழுந்து நின்று மற்ற ஆறு நாளைப் பற்றிக் கேளுங்கள்.

ஜெய் பீம்!