வீட்டோடு ஒரு படம்: ‘ரெண்டு பயலையும் உள்ள போட்டா என்ன?’ - ‘தடம்’ பார்த்த ஆச்சியின் கேள்வி

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பாடு முடிந்த கையோடு வீட்டில் ‘தடம்’ போட்டோம். எனக்கு அது மூன்றாவது முறை, அம்மாவுக்கு இரண்டாவது முறை. திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த ஆச்சிக்கு முதல் முறை. இடைவேளை தாண்டிக் கொஞ்ச நேரம் போயிருக்கும். அதுவரை வெற்றிலையை மென்றுகொண்டு பேசாமல் இருந்த ஆச்சி திடீரென்று கேட்டார்.

“ஒருத்தன் கொன்னுருக்கான். ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சி. ரெண்டு பயலையும் பிடிச்சு உள்ள போட்டா சோலி முடிஞ்சிரும்லா? அந்தப் போலீஸ்காரப் பிள்ள எதுக்கு இப்படிக் கிடந்து அலையுது?”

படத்தை நிறுத்திவிட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தேன். இரண்டு வாக்கியத்துக்கு மேல் ஓடவில்லை. “உனக்கே தெரியல, நீயெல்லாம் என்ன பத்திரிகைக்காரி!” என்று ஆச்சி சிரித்துவிட்டார். அந்தக் கடுப்பில் தேடிப் படித்ததுதான் இந்த வாரப் பத்தி.

முதலில், பார்க்காதவர்களுக்காகக் கதை. 2019 மார்ச் 1-ம் தேதி வெளியான படம். இயக்கம் மகிழ் திருமேனி. இதே இயக்குநரும் அருண் விஜய்யும் 2012-ல் ‘தடையறத் தாக்க’ கொடுத்தவர்கள் என்பதால், அப்போதே எதிர்பார்ப்பு இருந்தது. எழில், கவின் என்று அருண் விஜய்க்கு இரட்டை வேடம். எழில் படித்தவன், கட்டுமானத் தொழிலில் நன்றாக இருப்பவன். கவின், யோகி பாபுவோடு சேர்ந்து சின்னச் சின்ன ஏமாற்று வேலை செய்து காலத்தை ஓட்டுபவன். ஓர் இரவு ஆகாஷ் என்ற இளைஞன் கொல்லப்படுகிறான். எதிர்ப்பக்கம் எடுத்த ஒரு போட்டோவின் பின்னணியில் கொலையாளியின் முகம் விழுந்துவிடுகிறது. அந்த முகத்தைத் தேடிப்போய் எழிலைப் பிடிக்கிறார்கள். வேறொரு விவகாரத்தில் கவினும் அதே ஸ்டேஷனுக்கு வந்து சேர, போலீஸார் அத்தனை பேரும் வாயைப் பிளக்கிறார்கள்.

இருவரும் ஒரே கருவில் பிறந்தவர்கள். ஆனால் ஒருவரை ஒருவர் பார்க்கக்கூடப் பிடிக்காதவர்கள். ஸ்டேஷனுக்குள்ளேயே இருவரும் கட்டிப் புரண்டு அடித்துக்கொள்ளும் காட்சியில், எது யார் என்று நமக்கே தலை சுற்றும். அருண் விஜய் இரண்டு பேருக்கும் பெரிதாக வித்தியாசம் காட்டவில்லையே என்று முதல் முறை பார்த்தபோது குறையாக நினைத்தேன். அந்தக் குழப்பத்தை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள் என்பது இரண்டாவது முறைதான் புரிந்தது.

இந்தப் பகைக்குக் காரணம் சின்ன வயதில் இருக்கிறது. சூதாட்டத்திலிருந்து மீள முடியாத அம்மா. அந்த வேடத்தில் சோனியா அகர்வால். குடும்பம் உடைகிறது. ஒரு பிள்ளை அப்பாவோடு போகிறான், ஒரு பிள்ளை அம்மாவோடு நிற்கிறான். படத்தில் இந்தப் பகுதி கொஞ்ச நேரம்தான். ஆனால் எங்கள் வீட்டில் அப்போதுதான் எல்லோரும் போனைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். பெற்றவர்களின் சண்டையில் கூடப்பிறந்தவர்களைப் பங்கு பிரித்துக்கொள்வதைப் பார்க்க, யாருக்கும் நெஞ்சு கனக்கும்.

சரி, ஆச்சியின் கேள்விக்கு வருவோம்.

ஒரே கருமுட்டை இரண்டாகப் பிரிந்து பிறக்கும் இரட்டையருக்கு டி.என்.ஏ. கிட்டத்தட்ட ஒன்றேதான். போலீஸ் வழக்கமாகச் செய்யும் டி.என்.ஏ. பரிசோதனையில் இருவரையும் பிரித்துக் காட்ட முடியாது. ஆனால் கைரேகை வேறு. கருப்பையில் குழந்தை எப்படிப் படுத்திருந்தது, விரலில் எங்கே அழுத்தம் பட்டது என்பதெல்லாம் சேர்ந்து ரேகையைத் தீர்மானிப்பதால், இரட்டையருக்கும் அது மாறிவிடும். ஆக, கொலை நடந்த இடத்தில் ஒரு ரேகை கிடைத்திருந்தால் ‘தடம்’ அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும். கையில் இருப்பது போட்டோவும் டி.என்.ஏ.வும் மட்டும் என்பதில்தான் கதையே நிற்கிறது.

சினிமாவுக்காகக் கட்டிய கதை என்று நினைத்துவிட வேண்டாம். 2009 ஜனவரியில் பெர்லினின் புகழ்பெற்ற ‘காடேவே’ வணிக வளாகத்தில் நகைக் கொள்ளை நடந்தது. திருடர்கள் விட்டுப்போன ஒரு கையுறையில் வியர்வைத் துளி இருந்தது. அதன் டி.என்.ஏ. ஓர் இரட்டைச் சகோதரர்களிடம் போய் நின்றது. இருவரில் ஒருவராவது அங்கே இருந்திருக்கிறார் என்பது உறுதி. அது யார் என்று சொல்லத்தான் முடியவில்லை. இருவரையும் விடுவித்துவிட்டார்கள்.

அதே 2009, பிப்ரவரி மாதம். இடம் கோலாலம்பூர். நமக்கு இன்னும் நெருக்கமான வழக்கு, ஏனென்றால் அதில் சிக்கியவர்கள் தமிழ்ப் பெயர் கொண்ட இரட்டைச் சகோதரர்கள். கிலோக்கணக்கில் கஞ்சா. அன்றைய மலேசியச் சட்டப்படி, குற்றம் உறுதியானால் தூக்கு, வேறு பேச்சே கிடையாது. ஒருவர் முதலில் பிடிபட்டார், மற்றவர் பிறகு அங்கே வந்தார். நீதிமன்றத்தில் நிற்கும்போது, இதில் முதலில் பிடிபட்டது யார் என்று போலீஸால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. டி.என்.ஏ.வும் கைவிட்டது. தவறான ஆளைத் தூக்கு மேடைக்கு அனுப்ப முடியாது என்று நீதிபதி இருவரையும் விடுதலை செய்தார்.

ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். ஆச்சி சொன்னபடி ‘ரெண்டு பயலையும்’ செய்திருந்தால், அந்த இருவரில் ஒருவர் எதுவும் செய்யாமல் தூக்கில் தொங்கியிருக்கக்கூடும். அண்ணனின் முகம் அவருக்கும் இருந்தது என்பதைத் தவிர வேறு எந்தக் காரணமும் இல்லாமல்.

நம் ஊர்ச் சட்டமும் இங்கேதான் நிற்கிறது. குற்றத்தை நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும். ‘இவன் அல்லது அவன்’ என்பது நிரூபணம் ஆகாது. சந்தேகத்தின் பலன் குற்றம் சாட்டப்பட்டவருக்குத்தான் போகும். இதில் ஒரு விதிவிலக்கு உண்டு. இருவரும் பொது நோக்கத்தோடு சேர்ந்து செய்தார்கள் என்று நிரூபித்துவிட்டால், யார் கையில் கத்தி இருந்தது என்ற கேள்வியே தேவையில்லை, இருவருமே குற்றவாளிகள். பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் இது 34-வது பிரிவு. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 3(5). ஆனால் ஆகாத அண்ணன் தம்பிகள், வருஷக்கணக்கில் பேசாதவர்கள், ஸ்டேஷனிலேயே சட்டையைப் பிடித்துக்கொள்பவர்கள் சேர்ந்து திட்டம் போட்டார்கள் என்றால் எந்த நீதிமன்றம் நம்பும்? இந்த வரியை நினைவில் வைத்துக்கொண்டு படத்தை இன்னொரு முறை பாருங்கள். இதற்கு மேல் இங்கே சொல்ல மாட்டேன்.

விஞ்ஞானம் சும்மா இருக்கவில்லை. 2021-ல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட ஆய்வில், ஒரே கருவில் தோன்றிய இரட்டையருக்குள்ளும் கரு வளரும் ஆரம்பக் கட்டத்திலேயே சராசரியாக 5.2 சின்ன மரபணு மாற்றங்கள் இருப்பது தெரிந்தது. முழு மரபணுத் தொகுப்பையும் எழுத்து எழுத்தாகப் படித்தால் சில இரட்டையரைப் பிரித்துவிட முடியும். எழிலும் கவினும் இனிமேல் மாட்டினால், தப்பிப்பது முன்பு போல அவ்வளவு சுலபம் இல்லை.

இப்போது இன்ஸ்பெக்டர் கோபாலகிருஷ்ணன். ஃபெஃப்சி விஜயன் நடித்திருக்கும் இந்தப் பாத்திரத்துக்கு எழில் மீது பழைய பகை. கொலையை யார் செய்தார் என்பது அவருக்கு இரண்டாம் பட்சம். கிடைத்த சாக்கில் எழிலை உள்ளே தள்ள வேண்டும், அவ்வளவுதான். 2019-ல் தியேட்டரில் பார்த்தபோது இவர் ஒரு சினிமா வில்லன், விசில் அடித்துவிட்டுக் கடந்துவிட்டோம். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் போலீஸ் காவலில் சித்திரவதைக்கு ஆளாகி இறந்த பிறகு, அதே காட்சிகளை அப்படிப் பார்க்க முடியவில்லை. அடிக்கிற கை ஓங்கும்போது ஆச்சி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அது வெறும் செய்தி இல்லை.

அந்த வழக்கில் ஸ்டேஷனுக்குள் நடந்ததை வெளியே சொன்னவர், அங்கேயே வேலை பார்த்த ஒரு பெண் தலைமைக் காவலர். படத்திலும், மேலதிகாரியின் இஷ்டத்துக்கு வளைந்துகொடுக்காமல் உண்மையைத் தேடிப் போவது எஸ்.ஐ. மலர்விழி என்ற பெண் போலீஸ்தான். வித்யா பிரதீப் அலட்டிக்கொள்ளாமல் செய்திருக்கிறார். நாயகன் படங்களில் போலீஸ்காரப் பெண்ணுக்கு இவ்வளவு மூளை கொடுப்பது அபூர்வம். மகிழ் திருமேனிக்கு அதற்காகத் தனியாக ஒரு நன்றி.

குறை இல்லையா? இருக்கிறது. முதல் பாதிக் காதல் காட்சிகளில் நான் எழுந்து போய் டீ போட்டுவிட்டு வந்தேன், எதையும் தவறவிடவில்லை. கவின் ஒரு பெண்ணைப் பணத்துக்காக ஏமாற்றுவதைப் படம் கிட்டத்தட்டச் சிரித்துக்கொண்டே கடக்கிறது. யோகி பாபுவின் சில கிண்டல்களும் இன்று சிரிப்பை வரவழைக்கவில்லை.

(படம் பார்க்காதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.)

இன்னொன்று எனக்கு மூன்றாவது முறைதான் உறுத்தியது. தீபிகா. தான்யா ஹோப் நடித்த அந்தப் பெண் தானாகத் தீர்மானிக்கிற, தானாகச் சம்பாதிக்கிற பெண். அவள் மரணம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். ஆனால் கதையில் அவளுக்காக யாரும் போலீஸுக்குப் போவதில்லை, வழக்கு இல்லை, நீதிமன்றத்தில் அவள் பெயர் இல்லை. ஆகாஷின் கொலைக்கு ஒரு ஸ்டேஷனே வேலை செய்கிறது. அவளுக்கு எந்த ஃபைலும் இல்லை. பழிக்குப் பழி முடிந்து அண்ணன் தம்பிகளுக்கு இடையே இருந்த பனி உருகும்போது நாம் கை தட்டுகிறோம். அந்தக் கைத்தட்டலில் அவள் செத்துப்போனது ரகசியமாகவே இருந்துவிடுகிறது. பழிவாங்கல் கதைகளில் இப்படித்தான் ஆகும். தண்டித்தது யார் என்பதை மறைக்க வேண்டுமென்றால், எதற்காகத் தண்டித்தோம் என்பதையும் சேர்த்தே மறைத்தாக வேண்டும்.

படம் தெலுங்கில் ‘ரெட்’ (2021), இந்தியில் ‘கும்ரா’ (2023) என்று போய்விட்டது. என்னைக் கேட்டால் தமிழே போதும். கொலைக் காட்சியில் ரத்தம் உண்டு, சின்னப் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் பாருங்கள்.

படம் முடிந்த பிறகு ஆச்சியிடம் கோலாலம்பூர் வழக்கைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு தன் தம்பிகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். அவர்களும் இரட்டையர்தான். எனக்குப் பெரிய தாத்தா, சின்னத் தாத்தா. வரப்புத் தகராறில் பேச்சு நின்று பதினாறு வருஷம் ஆகிறது. ஒரே தெரு, எதிரெதிர் வீடு. ஒருவர் திண்ணையில் உட்கார்ந்தால் மற்றவர் உள்ளே போய்விடுவார்.

“அப்பிடி இருந்தவன்தான், சந்தையில பெரியவன ஒருத்தன் கைநீட்டிட்டான்னு கேட்ட உடனே மம்பட்டிய எடுத்துக்கிட்டு ஓடுனான். நல்லவேளை, பஸ்ஸு வரல” என்றார் ஆச்சி.

“அதுக்கப்புறம் பேசிக்கிட்டாங்களா?”

“எங்கிட்டு! மம்பட்டிய வச்சிட்டு அவன் வீட்டுக்குப் போயிட்டான், இவன் வீட்டுக்கு இவன் போயிட்டான்.”

அடுத்த மாதம் ஊரில் கோயில் கொடை. அப்போது என் லேப்டாப்பில் இந்தப் படத்தைப் போட வேண்டுமாம். இரண்டு தாத்தாக்களையும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார வைத்துப் பார்க்கணும் என்பது ஆச்சியின் திட்டம். லேப்டாப்பைக் கொண்டுபோவது என் பொறுப்பு. இருவரையும் ஒரே திண்ணையில் உட்கார வைப்பதை ஆச்சியே பார்த்துக்கொள்வாராம்.