ஏரியைத் திறந்தால் எந்தத் தெருவுக்குத் தண்ணீர் வரும்?

கோடம்பாக்கத்தில் சினிமா ஸ்டூடியோ உண்டு, மேம்பாலம் உண்டு. ஏரி உண்டா? "இல்லை" என்பீர்கள். ஆனால் பக்கத்து மேற்கு மாம்பலத்தில் "லேக் வியூ ரோடு" இருக்கிறது. நுங்கம்பாக்கத்தில் "டேங்க் பண்ட் ரோடு" இருக்கிறது. ஏரி இல்லாத இடத்தில் ஏரிக்கரை எப்படி வந்தது?

ஒரு காலத்தில் நுங்கம்பாக்கத்தில் இருந்து சைதாப்பேட்டை பக்கம் வரை பெரிய ஏரி இருந்தது. வெள்ளைக்காரர்கள் அதை "லாங் டேங்க்" என்றார்கள். 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அதில் படகுப் போட்டிகூட நடந்தது! 1920-களில் அந்த ஏரியைத் தூர்த்துத்தான் தியாகராய நகரை அமைத்தார்கள்.

ஏரி போனாலும் பள்ளம் போகுமா? மழை பெய்தால் தண்ணீர் பள்ளத்தைத் தேடித்தான் வரும்.

வினாடிக்கு 90 லாரி

சென்னைக்குக் குடிதண்ணீர் தரும் ஏரிகளில் ஒன்று செம்பரம்பாக்கம். அதன் முழு உயரம் 24 அடி. உபரி நீர் அடையாற்றில் விழுந்து, ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வழியாகக் கடலுக்குப் போகிறது. மாநகராட்சியின் கோடம்பாக்கம் மண்டலத்தில்தான் ஜாபர்கான்பேட்டையும் இருக்கிறது.

2015 டிசம்பர் 1-ந் தேதி அந்த ஏரியில் இருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட்டார்கள். ஒரு கன அடி என்பது சுமார் 28 லிட்டர். அப்படியானால், 9 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகள் 90, ஒவ்வொரு வினாடியும்! தாம்பரம் பக்கத்து ஏரிகளின் தண்ணீரும் ஆற்றில் சேர்ந்தது. வீடுகள் மூழ்கின. மீனவர்கள் தெருவில் படகு ஓட்டி மக்களை மீட்டார்கள்.

திறப்பதா, மூடுவதா?

"முன்கூட்டியே திறந்தால் என்ன?" என்று கேட்கலாம். திறந்தபின் மழை பெய்யாவிட்டால்? 2019 கோடையில் இதே செம்பரம்பாக்கம் வறண்டது. ஜோலார்பேட்டையில் இருந்து ரெயிலில் தண்ணீர் வந்தது. அதிகாரிகள் பாடு திண்டாட்டம்தான்.

ஆனாலும் வழி இருக்கிறது. 2020 நவம்பர் 25-ந் தேதி "நிவர்" புயல் வந்தபோது ஏரி நிரம்பும்வரை காத்திருக்கவில்லை. நீர்மட்டம் 22 அடியை எட்டியதும், முன்னறிவிப்புச் செய்து, பகலிலேயே 1,000 கன அடி திறந்தார்கள். பிறகு படிப்படியாகக் கூட்டினார்கள். அதுதான் சரியான முறை. எப்போதும் அப்படியே செய்ய வேண்டும்.

சுவரில் கோடு போடுங்கள்!

இன்னும் ஒரு குறை உண்டு. "5,000 கன அடி திறப்பு" என்று அறிவித்தால், ஆற்றங்கரைக் குடிசையில் இருக்கும் பாட்டிக்கு என்ன புரியும்? தன் வீட்டுக்குத் தண்ணீர் வருமா, வராதா? அதுதானே அவருக்குத் தெரிய வேண்டும்!

ஆகவே, அடையாற்றங்கரைத் தெருமுனை ஒவ்வொன்றிலும் சுவரில் கோடு போட வேண்டும். "ஆற்றில் இவ்வளவு தண்ணீர் வந்தால் இந்தக் கோடு வரை ஏறும்" என்று பெரிய எழுத்தில் எழுத வேண்டும்.

மீட்புப் படகு எங்கே வந்து நிற்கும், எத்தனை பேர் ஏறலாம் என்பதையும் அங்கேயே எழுதுங்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள். அளவுக்கு மீறி ஆள் ஏறியதால் வந்த வினை அது.

இதற்குக் கோடி ரூபாய் வேண்டாம். பொறியாளர்களின் கணக்கும், சில டப்பா பெயிண்டும் போதும். எழுத்துக்கூட்டிப் படிப்பவரும் கோட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார். குழந்தைகளையும் ரேஷன் கார்டையும் எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போக நேரம் கிடைக்கும்.

ஐப்பசி மழைக்கு முன்பே கோடு போடுவார்களா?