திரும்பிப் போக யார் காசு?

மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸ் உணவகத்திலோ கிள்ளான் துணிக்கடையிலோ வேலை பார்க்கும் தமிழ்நாட்டுப் பையன் வேலையை விட்டுவிட்டால் பக்கத்துக் கடையில் சேர முடியாது. அவன் பெர்மிட் ஒரே முதலாளியின் பேரில் இருக்கிறது. அதை ரத்து செய்து, டிக்கெட்டைக் காட்டி, குடிநுழைவுத் துறையில் நாட்டை விட்டு வெளியேறுவதற்கான செக் அவுட் மெமோ வாங்கி, ஊர் போய்ச் சேர வேண்டியதுதான். அந்த டிக்கெட் யார் கணக்கில்? ஒப்பந்தக் காலம் முடிந்தாலோ, முதலாளியே அனுப்பினாலோ முதலாளி கணக்கில். இடையில் தானாக விலகினால் பெரும்பாலும் தொழிலாளியின் தலையில்.

டிக்கெட்டோடு நின்றாலும் பரவாயில்லை. கிள்ளானில் புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் ஒரு தாளைக் காட்டினார். சாப்பாட்டு ஆர்டர் எழுதும் சீட்டின் பின்புறம் பால்பாயிண்ட் பேனாவால் கணக்குப் போட்டிருந்தார்கள். வெளிநாட்டுத் தொழிலாளருக்காக அரசுக்குக் கட்டும் லெவி 1,850 வெள்ளி, பெர்மிட் செலவு, வந்த டிக்கெட், அடியில் கூட்டுத்தொகை. கையெழுத்தோ கடை முத்திரையோ இல்லை. “ரெண்டு மாசச் சம்பளத்தை விட்டுட்டேண்ணே. பாஸ்போர்ட்டைக் குடுத்தாப் போதும்” என்றார்.

2018 ஜனவரி 1 முதல் லெவி முதலாளியின் பொறுப்பு. அடுத்தவர் பாஸ்போர்ட்டைப் பிடித்து வைப்பது 1966ஆம் ஆண்டுக் கடப்பிதழ்ச் சட்டப்படி குற்றம். அந்தச் சீட்டை எழுதியவருக்கு இது தெரியாதிருக்காது. கையில் காசில்லாதவன் புகார் கொடுக்கப் போகமாட்டான் என்பதும் அவருக்குத் தெரியும்.

நம் பாட்டன்மார் இதே கிள்ளான் துறைமுகத்தில் ‘ராஜுலா’ கப்பலில் வந்து இறங்கிய காலத்தை நினைத்துப் பார்க்கிறேன். 1907இல் தோட்ட முதலாளிகளிடம் வரி வசூலித்து ஒரு குடிநுழைவு நிதி தொடங்கினார்கள். வரும் கப்பல் செலவு அதிலிருந்து போனது. 1920களில் இந்திய அரசு போட்ட விதிப்படி, வந்து ஓராண்டுக்குள் உடல்நலம் கெட்டாலோ, வேலை ஒத்துவராவிட்டாலோ, முதலாளி கொடுமைப்படுத்தினாலோ இலவசமாகத் திரும்பலாம். காலனி அரசு கருணையுள்ளது என்று சொல்ல வரவில்லை. ரப்பர் விலை சரிந்த 1930களின் தொடக்கத்தில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை, இனித் தேவையில்லை என்று கப்பலேற்றியதும் அதே ஏற்பாடுதான். ஆனாலும் கொடுமை தாங்காமல் விலகுகிறவனுக்குத் திரும்பும் செலவு கொடுக்க வேண்டும் என்று அன்று எழுத்தில் இருந்தது.

இன்று இருப்பது பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற இந்திய அரசின் காப்பீட்டுத் திட்டம். பத்தாம் வகுப்பு முடிக்காமல் குடியகல்வு அனுமதி வாங்கி வருகிறவர்களுக்கு அது கட்டாயம். உடல்நலம் கெட்டாலோ, தன் தவறில்லாமல் முதலாளி நிறுத்தினாலோ, தூதரகச் சான்றோடு விமானக் கட்டணம் கேட்கலாம். சம்பளம் வராமல், தூக்கமில்லாமல், தானே விலகுகிறவனுக்கு அதில் இடமில்லை. கதியற்று நிற்கிறவர்களை இந்தியச் சமூக நல நிதியிலிருந்து தூதரகம் அனுப்பி வைக்கிறது. அதுவும் தெருவுக்கு வந்த பிறகுதான். சுற்றுலா விசாவில் வந்து பெர்மிட்டுக்குக் காத்திருப்பவனுக்குக் காப்பீடும் கிடையாது.

பிலிப்பைன்ஸ் 1995லேயே சட்டம் போட்டுவிட்டது. முழுக்கத் தொழிலாளியின் தவறால் வேலை போனால் தவிர, திருப்பியனுப்பும் செலவு ஏஜென்ட்டுக்கும் முதலாளிக்கும் உரியது. குடியகல்வு அனுமதிக்கு ஒப்பந்தத்தைப் பார்த்து முத்திரை குத்தும் இந்திய அரசும் ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரியை வற்புறுத்தலாம். சம்பளப் பாக்கியாலோ கொடுமையாலோ விலகினாலும் திரும்பும் டிக்கெட் முதலாளி செலவு என்ற வரி இல்லாத ஒப்பந்தத்துக்கு அனுமதி கொடுக்கக் கூடாது.