வேடுவ மகளிரும் தையற் பொறியும்

1983ஆம் ஆண்டு மாதுறு ஓயாக் காடு தேசியப் பூங்காவாகப் பிரகடனஞ் செய்யப்பட்டது. அங்கு வாழ்ந்த வேடுவ மக்களுட் பலர் ஹெனானிகலைக் குடியேற்றத்துக்குப் பெயர்க்கப்பட்டு நெற்செய்கைக்காரராக்கப்பட்டனர். ஆடவரின் வேட்டையுரிமை பறிபோயிற்றென்று பேசியோர் உண்டு. கிழங்ககழ்ந்தும் மூலிகை பறித்தும் குடும்பத்தைக் காத்த பெண்ணின் தொழிலும் அன்றே பறிபோயிற்றென்பதை எண்ணியோர் எத்தனை பேர்? வாகரைப் பகுதிக் கரையோர வேடரோ தமிழ் பேசுவோர்; எமது அயலவர். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையும் பின்வந்த போரும் அலைக்கழித்த அம்மக்களை நாமேனும் நினைத்தோமா?

இப்பெண்களுக்குத் தொழிற்பயிற்சி என்றதும் அதிகாரிகளின் சிந்தையில் உதிப்பது தையற் பொறி ஒன்றே. சான்றிதழ் கிடைக்கும், புகைப்படமும் எடுக்கப்படும். தைத்ததை வாங்குவார் யார்?

எழுத்தறிவில்லை என்பது வீண் சாக்கு. இராஜஸ்தானின் திலோனியாவில் 1972இல் தோன்றிய 'வெறுங்கால் கல்லூரி', படிப்பறியாக் கிராமத்துப் பாட்டிமாருக்கு நிறங்களையும் சைகைகளையும் கொண்டே ஆறு மாதத்திற் சூரிய மின்விளக்கு அமைக்கக் கற்பிக்கின்றது. சிலி நாட்டு அத்தகாமாப் பாலைநிலத்தின் ஆதிகுடிப் பெண்களும் 2012இல் அங்கு சென்று பயின்றனர்.

தேனையும் கிழங்கையும் மூலிகையையும் அறிந்தவர்க்கு அவற்றைச் சேகரிக்கும் உரிமையை வனசீவராசிகள் திணைக்களம் முதலில் வழங்கட்டும். பதனிடவும், நிறுக்கவும், விலை பேசவும் கற்பிக்கட்டும். கொள்முதலைக் கூட்டுறவுச் சங்கம் ஏற்கட்டும். பயிற்சிக் காலத்துக்கு நாட்கூலியும் கொடுத்தல் வேண்டும். அன்றன்று உழைத்து அன்றன்று உலையேற்றும் தாய், கூலியின்றி மாதக்கணக்கில் வகுப்பில் அமர்வது எங்ஙனம்?